கேனன் என்னும் கோல்

பாலக்கோட்டுக்கு அருகில் உள்ள எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பாரத விழா நடந்த ஆண்டு அது. கர்ண மோட்சக் கூத்து முடிந்த விடியற்காலையில், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி வந்து, “ஐயா, பொன்னுருவி கேனனா?” என்று கேட்டாள். போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டத்தில் கண் கலங்கியவர்களில் அவளும் ஒருத்தி. ஆனால் தான் படித்த வியாச பாரதச் சுருக்கத்தில் அந்தப் பெயரே வரவில்லையே என்ற ஐயம் அவளுக்கு இருந்தது. அருகில் நின்ற அவளுடைய பெரியப்பா, கேனன் என்றால் கேமரா அல்லவா, அதற்கும் பொன்னுருவிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார். அன்று அவர்கள் இருவருக்கும் சொல்லத் தொடங்கியதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

திரைப்படங்களையும் தொடர்களையும் பற்றிப் பேசும் இளைஞர்கள் ‘இது கேனன்’ என்று சொல்லும்போது, ‘இந்த நிகழ்ச்சியோ பாத்திரமோ அந்தக் கதையுலகில் அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டது’ என்று பொருள்படுகிறது. ரசிகர் ஒருவர் தம் விருப்பத்துக்கு எழுதிச் சேர்த்த கிளைக்கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கேனன் ஆகாது. கேட்பதற்கு நேற்றுப் பிறந்த சொல்லைப் போல இருந்தாலும், இது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கை மாறி வந்த சொல். அது தொடங்கிய இடம் ஒரு நாணல் தட்டை.

பெரியப்பாவின் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடலாம். கேமரா நிறுவனத்தின் பெயர் வேறு வழியில் வந்தது. ஜப்பானில் 1934இல் அவர்கள் உருவாக்கிய மாதிரிக் கேமராவுக்குக் கருணையின் வடிவாக வணங்கப்படும் பௌத்தத் தெய்வத்தின் பெயரை ஒட்டிக் குவானன் என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டிலேயே அதற்கு ஒலியால் நெருங்கிய கேனன் என்ற சொல்லை வணிகப் பெயராகத் தேர்ந்துகொண்டார்கள். அளவை, நெறி என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு இருந்ததும் அவர்களுக்கு ஏற்றதாக அமைந்தது.

பழைய மேற்காசிய மொழிகளில் நாணலைக் குறிக்க ஒரே வேரில் பிறந்த சொற்கள் வழங்கின. அக்காடிய மொழியில் அது ‘கனூ’, எபிரேயத்தில் ‘கானே’. கிரேக்கர்கள் அதைக் ‘கன்னா’ என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து இலத்தீனுக்கும் அது சென்றது. உள்ளே துளையுள்ள தட்டை என்ற பொருளிலிருந்து குழாயும், குழாயிலிருந்து பீரங்கியும், நீர் செல்லும் வழியும் பெயர் பெற்றன. பாலக்கோட்டுச் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பை ஆங்கிலத்தில் ‘கேன்’ என்பதும், கிருஷ்ணகிரி அணைக் கால்வாயைக் ‘கேனால்’ என்பதும் இந்த ஒரே குடும்பத்துச் சொற்கள்தாம். துளையை விட்டுவிட்டு, நாணலின் நேரான நீளத்தை மட்டும் கருத்தில் கொண்ட கிளை ஒன்றும் இருந்தது. கொத்தரும் தச்சரும் நேர் பார்க்கப் பயன்படுத்திய கோலைக் கிரேக்கர்கள் ‘கனோன்’ என்றார்கள். நம் கேனன் அதுவே.

கோலிலிருந்து நெறிக்குச் சொல் தாவியதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு வெளியிலிருந்து உதவி தேவையில்லை என்றே நினைக்கிறேன், ஏனெனில் அதே தாவலை நம் மொழியும் தனியே செய்திருக்கிறது. செங்கோல் என்றால் சிவந்த கோல் அன்று, செம்மையான கோல், அதாவது வளைவில்லாத கோல். அதற்கு மறுதலையான கொடுங்கோல் என்பது வளைந்த கோல். ஆட்சியின் நேர்மையைச் சொல்ல வந்த திருக்குறள் அதற்கென ஒதுக்கிய இரண்டு அதிகாரங்களுக்குச் செங்கோன்மை, கொடுங்கோன்மை என்றே பெயர். அளவுகோல் என்ற சொல்லை, ஒருவருடைய தகுதியை எடை போடும்போதும், எந்த அளவுகோலின்படி இவரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்கும்போதும் நாம் இயல்பாகவே ஆள்கிறோம். அந்தக் கேள்வியில் கோல் என்பதன் இடத்தில் கனோன் என்று வைத்தால், பழைய கிரேக்கர் ஒருவருக்கு அது உடனே விளங்கியிருக்கும்.

இன்னும் வியப்பானது நூல் என்ற சொல். மரத்தை அறுக்கும் தச்சர் நேர்கோடு போடுவதற்கு நூலைப் பிடித்துத் தெறிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். புத்தகத்துக்கு நூல் என்ற பெயர் ஏன் வந்தது என்பதை விளக்கும் நன்னூல், ‘மரத்தின் கனக்கோட்டம் தீர்க்குநூல்’ என்று இந்தத் தச்சு நூலைத்தான் காட்டுகிறது. மரத்தின் கோணலை அந்த நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலை இந்த நூல் தீர்க்கிறது என்பது பவணந்தி முனிவர் தரும் விளக்கம். அவரை ஆதரித்த சீயகங்கன், நம் கிருஷ்ணகிரிக்கு வடக்கே இருக்கும் கோலாரைத் தம் பூர்விக ஊராகச் சொல்லிக்கொண்ட கங்கர் மரபைச் சேர்ந்தவன். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில், நேரானதைக் கொண்டே நேரானதையும் கோணலானதையும் அறிகிறோம், இரண்டுக்கும் நடுவராக இருப்பது கனோன்தான் என்ற கருத்தை எழுதியிருக்கிறார். ஒருவரை ஒருவர் அறியாத இருவர் தச்சுப் பட்டறையிலிருந்து ஒரே உவமையை எடுத்திருக்கிறார்கள். விவிலியத்தில் எசேக்கியேல் நூலின் 40ஆம் அதிகாரத்தில் கோயிலை அளக்க வந்து நிற்பவரின் கையில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன: ஒரு சணல் நூல், ஆறு முழ நீளமுள்ள ஓர் அளவுகோல். அங்கே கோலுக்கு மூலத்தில் வரும் சொல் நாணலைக் குறிக்கும் அதே ‘கானே’.

கோல் எப்படி அதிகாரப்பூர்வமானது ஆகிறது என்பதையும் நம் மண்ணின் வரலாற்றைக் கொண்டே காட்ட முடியும். நிலத்தை அளப்பவர் ஆளுக்கொரு நீளத்தில் கோல் வைத்திருந்தால், ஒரே வயல் ஒருவர் அளக்கும்போது பெரியதாகவும் இன்னொருவர் அளக்கும்போது சிறியதாகவும் ஆகிவிடும். வரியும் அதற்கேற்ப மாறும். எனவே இந்தப் பகுதியில் இந்தக் கோலால்தான் அளக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் பதினாறு சாண் கோல் முதலிய அளவுகோல்கள் பெயரோடு வருகின்றன. சில கோயில்களின் சுவரிலேயே கோலின் நீளத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடு கல்லில் இருப்பதால் தன் கோல் சரியா என்று யார் வேண்டுமானாலும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஊரார் கூடி ஏற்றுக்கொண்ட, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி வைக்கப்பட்ட ஓர் அளவு என்பதே கேனனின் முதல் இலக்கணம் என்று கொள்ளலாம்.

கோல் என்ற பொருளிலிருந்து பட்டியல் என்ற பொருளுக்கு இந்தச் சொல்லைக் கொண்டு சென்றவர்கள் கிறித்தவர்கள். தொடக்க நூற்றாண்டுகளில் நற்செய்திகள், திருமுகங்கள் என்ற பெயரில் பல எழுத்துகள் உலவின. அவற்றுள் எவை வழிபாட்டில் படிக்கத் தக்கவை என்பதை அளந்து தீர்மானிக்க வேண்டியிருந்தது. கி.பி. 367இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் தம் பாஸ்கா மடலில், ‘கனோனுக்கு உட்படுத்தப்பட்டவை’ என்ற பொருளுடைய சொல்லை ஆண்டு, இன்று புதிய ஏற்பாட்டில் இருக்கும் அதே 27 நூல்களைப் பெயர் சொல்லி எழுதினார். அளக்கும் கோலின் பெயர் அளந்து ஏற்றுக்கொள்ளப்பட்டவற்றின் வரிசைக்கும் இப்படிப் பெயராக நிலைத்தது.

ஆனால் அந்த வரிசை எல்லாத் திருச்சபைகளுக்கும் ஒன்றாக இல்லை. தருமபுரியில் ஒரே தெருவில் வசிக்கும் கத்தோலிக்கக் குடும்பத்தின் விவிலியத்தில் 73 நூல்களும், சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த குடும்பத்தின் வேதாகமத்தில் 66 நூல்களும் இருப்பதைப் பார்க்கலாம். புதிய ஏற்பாட்டில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. பழைய ஏற்பாட்டில்தான் ஒருவருக்கு 46, மற்றவருக்கு 39. மார்ட்டின் லூத்தரைப் பின்பற்றியவர்கள் எபிரேய மொழியில் யூதர்கள் போற்றிவந்த தொகுப்பை அளவாகக் கொண்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபையோ 1546இல் திரெந்து பொதுச்சங்கத்தில் தன் பட்டியலை நூல் நூலாகப் பெயர் சொல்லி உறுதிப்படுத்தியது. எத்தியோப்பியாவின் பழைய திருச்சபை 81 நூல்கள் என்று எண்ணுகிறது. மூன்று பேரும் ஒரே கடவுளை வணங்குகிறார்கள், ஒரே சொல்லால் தங்கள் பட்டியலைக் குறிக்கிறார்கள், பட்டியல்தான் மூன்று.

இந்தப் பட்டியலுக்குத் தமிழ்க் கிறித்தவர்கள் தேர்ந்துகொண்ட சொல் எனக்கு மிகவும் பிடித்தமானது. அவர்கள் அதைத் திருமுறை என்றார்கள்; கத்தோலிக்கர் மட்டும் ஏற்கும் நூல்களை இணைத் திருமுறை நூல்கள் என்றார்கள். திருமுறை என்பது சைவர்கள் தங்கள் பன்னிரண்டு தொகுப்புகளுக்கு வழங்கிய பெயர். அந்தத் தொகுப்பும் ஒரே நாளில் முடிந்ததன்று. நம்பியாண்டார் நம்பி வகுத்த வரிசையின் மேல், 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் பன்னிரண்டாம் திருமுறையாக ஏறியது. ஓலைச்சுவடிகளில் இல்லாத திருவிடைவாய்ப் பதிகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயில் கல்வெட்டில் கிடைத்தபோது, சம்பந்தர் பாடியதாக ஏற்கப்பட்டு இன்றைய தேவாரப் பதிப்புகளில் இடம்பெற்றது. மூடி முத்திரை வைத்ததாகத் தோன்றும் பட்டியலும் தக்க சான்று வந்தால் ஒரு பதிகத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

புனிதர் பட்டம் அளிப்பதை ஆங்கிலத்தில் குறிக்கும் சொல்லும் கேனனிலிருந்தே வருகிறது. புனிதர் வரிசையில் பெயரைச் சேர்ப்பது என்பது அதன் நேர்ப்பொருள். 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகில் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம், 2022 மே 15 அன்று அந்த வரிசையில் சேர்க்கப்பட்டார். அந்த 270 ஆண்டுகளிலும் குமரி மாவட்டத்து மக்கள் அவரை மறக்காமல் போற்றியே வந்தார்கள். மக்கள் மனத்தில் ஒருவர் பெறும் இடமும் அதிகாரப்பூர்வமான பட்டியலில் அவர் பெறும் இடமும் வெவ்வேறு நாள்களில் வரக்கூடும் என்பதை இதில் தெளிவாகக் காணலாம். திருச்சபையின் சட்டப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் கேனன் என்றே பெயர். 1983இல் வெளியான சட்டத் தொகுப்பில் அப்படி 1752 பிரிவுகள் உள்ளன.

கிரேக்கத்தின் கனோன் அரபுக்குள் ‘கானூன்’ ஆகச் சென்று, அங்கிருந்து பாரசீகத்துக்கும் உருதுக்கும் வந்தது. கிருஷ்ணகிரியின் பழையபேட்டையில் உருது பேசும் வீட்டில் சட்டத்தைக் கானூன் என்று சொல்லும்போதும், தேவாலயத்தில் குரு கேனன் என்று சொல்லும்போதும் அவர்கள் உச்சரிப்பது ஒரே சொல்லைத்தான்.

நாம் அன்றாடம் ஆளும் அங்கீகாரம் என்ற சொல்லுக்குள் இருக்கும் படம் வேறு. அங்கம் என்றால் உறுப்பு. வடமொழியில் அங்கீகாரம் என்பது ஒன்றைத் தன் உறுப்பாக ஆக்கிக்கொள்வது. அங்கீகாரம் பெற்ற பள்ளி, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்று சொல்லும்போது இந்தப் படம் நம் நினைவுக்கு வருவதில்லை, ஆனாலும் அது உள்ளே இருக்கிறது. கேனனில் ஒருவர் கோலோடு வெளியே நின்று அளக்கிறார். அங்கீகாரத்தில் ஓர் உடம்பு தனக்குள் ஏற்றுக்கொள்கிறது. எந்தப் பட்டியலும் நிலைப்பதற்கு இந்த இரண்டும் வேண்டும் என்பது என் கருத்து. கோலால் அளந்து முடித்த பிறகும் மக்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொள்ளாத நூல், பட்டியலில் பெயராக மட்டுமே கிடக்கும்.

இனி இளைஞர்களின் கேனனுக்கு வருவோம். சமயத்துக்குள் இருந்த சொல் கதைக்குள் வந்ததற்கு ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளே பெரிதும் காரணம். கானன் டாயில் எழுதியவை 4 புதினங்களும் 56 சிறுகதைகளும். ரொனால்டு நாக்ஸ் 1911இல் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஒரு கட்டுரையில், விவிலிய அறிஞர்கள் திருநூல்களை ஆராயும் அதே முறையில் இந்தக் கதைகளை ஆராய்ந்து காட்டினார். அந்தப் போக்கின் தொடர்ச்சியாக, டாயில் எழுதிய 60 கதைகளைக் கேனன் என்றும், பிறர் எழுதிச் சேர்த்த துப்பறியும் கதைகளை அதற்குப் புறம்பானவை என்றும் வாசகர்கள் பிரித்தார்கள். பின்னர்ப் படங்களுக்கும் தொடர்களுக்கும் அந்த வழக்கம் பரவியது. அங்கே கோல் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஸ்டார் வார்ஸ் கதையுலகை டிஸ்னி நிறுவனம் 2012இல் வாங்கியது. 2014 ஏப்ரலில், அதுவரை பல ஆண்டுகளாக உரிமத்தோடு வெளிவந்த புதினங்களும் படக்கதைகளும் இனிக் கேனன் அல்ல, அவை ‘தொல்கதைகள்’ என்ற பொருள்படும் தனிப் பெயரில் வழங்கும் என்று அறிவிப்பு வந்தது. நேற்றுவரை கேனனுக்குள் இருந்த பாத்திரங்கள் ஓர் அறிவிப்பால் வெளியே நின்றன. கணினித் துறையிலும், ஒரே பக்கத்துக்குப் பல முகவரிகள் இருந்தால் அவற்றுள் முதன்மையானது இதுவே என்று காட்டும் குறிப்புக்கு இந்தச் சொல்லின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கேனன் என்பதை உண்மை என்றோ, சிறந்தது என்றோ, மிகப் பழமையானது என்றோ பலர் பொருள் கொள்கிறார்கள். தொடக்கநிலை வாசகர் தவிர்க்க வேண்டிய பிழை இதுதான். ஒரு கோலால் அளந்து ஏற்கப்பட்டது என்பதற்கு மேல் அந்தச் சொல் வேறெதையும் உறுதி சொல்வதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குத் தகடூர் நினைவுக்கு வருகிறது. தருமபுரியின் பழம்பெயர் அதுதானே. அதியமானைப் பற்றி ஔவையார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் சேர்ந்தன. புறநானூறு எட்டுத்தொகையில் சேர்ந்தது. தொகையோடு சேர்த்துப் படியெடுக்கப்பட்டதால் அந்தப் பாடல்கள் நம் பள்ளிப் பாடநூல் வரை வந்தன. தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையின் புகழும் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பிழைத்திருக்கிறது. ஆனால் அந்தப் போரையே பொருளாகக் கொண்டு எழுந்த தகடூர் யாத்திரை என்னும் நூல் எந்தத் தொகையிலும் இடம்பெறாமல் தனியே நின்றது. இன்று அதில் எஞ்சியிருப்பவை புறத்திரட்டிலும் பழைய உரைகளிலும் மேற்கோளாக வந்த பாடல்கள் மட்டுமே. பட்டியலில் சேர்ந்தவையெல்லாம் தப்பின என்றும் சொல்வதற்கில்லை. எட்டுத்தொகையிலேயே பரிபாடலின் 70 பாடல்களில் முழுமையாகக் கிடைப்பவை 22தாம். ஆயினும், எங்கள் மண்ணின் போரைப் பாடிய அந்த நூல் தரம் குறைந்தது என்பதால் மறைந்தது என்று யாரும் கருதிவிடக் கூடாது என்பதில் எனக்கு அக்கறை உண்டு. கிடைத்த பாடல்களைப் படித்தவர்கள் அப்படிக் கருத மாட்டார்கள்.

அந்த மாணவிக்கு நான் சொன்ன விடையும் இந்த வழியிலேயே அமைந்தது. பொன்னுருவி கேனனா என்று கேட்பதற்கு முன்னால், எந்தக் கோலின்படி என்று கேட்க வேண்டும். புனேயின் பண்டார்க்கர் ஆய்வு நிறுவனம் 1919 முதல் 1966 வரை உழைத்து, 1259 கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு வடமொழி மகாபாரதத்துக்கு ஓர் ஆய்வுப் பதிப்பை உருவாக்கியது. பல வட்டாரங்களின் பிரதிகளுக்கும் பொதுவாக நிற்பதே மூலத்துக்கு அருகில் உள்ளது என்பது அவர்கள் பிடித்த கோல். அந்தக் கோலுக்குள் பொன்னுருவி வரமாட்டாள். அதே கோல்தான், சபையில் துகில் உரியப்படும்போது திரௌபதி கண்ணனை அழைத்து வேண்டும் வரிகளையும் மூலப்பகுதியிலிருந்து எடுத்து அடிக்குறிப்பில் வைத்தது. திரௌபதிக்குக் கோயில் கட்டி, அவள் கோவிந்தா என்று அழைக்கும் இடத்தில் ஊரே சேர்ந்து குரல் கொடுக்கும் எங்கள் பக்கத்தில், அந்த அடிக்குறிப்பைத் தங்கள் கோலாக யாரும் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை. பகலில் பாரதம் படித்துப் பொருள் சொல்லும் பிரசங்கியார் வில்லிபுத்தூராரை அளவாகக் கொள்கிறார். இரவில் ஆடும் கூத்து வாத்தியாருக்குத் தம் குருவிடம் பாடம் கேட்ட ஏடு அளவு. மூன்று கோல்களும் மூன்று வகையான வேலைக்காக வெட்டப்பட்டவை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, “பொன்னுருவி இல்லாம கர்ண மோட்சத்த எப்படிங்க ஐயா ஆடறது?” என்றார். கூத்தின் கோலை அவர் என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். மாணவி விடவில்லை; அப்படியானால் அரவான் என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள். அரவான் வடமொழிக் கோலிலும் தமிழ்க் கோலிலும் இருக்கிறான், ஆனால் இருவேறு விதமாக இருக்கிறான். வடமொழி நூலில் அவன் இராவான் என்ற பெயரோடு எட்டாம் நாள் போரில் அரக்கன் ஒருவன் கையால் விழுகிறான். போர் தொடங்கும் முன் வெற்றிக்காகத் தன்னையே பலி கொடுக்கும் அரவானை 9ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவிலும், அவருக்குப் பின்வந்த தமிழ்ப் பாரதங்களிலும், எங்கள் ஊரில் களப்பலி இரவன்று ஆடும் கூத்திலும்தான் காண முடியும்.